நார்பர்ட் சொன்னால் தோற்பார்கள்

சிலருக்குக் கரிநாக்கு என்பார்கள். கெட்டது சொன்னால் அப்படியே நடந்துவிடும். நார்பர்ட் டெல்வோவுக்கு அதைவிட மோசமான நாக்கு வாய்த்திருந்தது. அவர் நல்லது சொன்னால் நடக்காது. அதுவும் எல்லா விஷயத்திலும் இல்லை. மழை வரும் என்றால் வரும். இந்தப் பசு இரண்டு நாளில் கன்று போடும் என்றால் போடும். ஜனவரி மாதத்து ஃபுட்பாலில் மட்டும், சொந்த வட்டாரத்து அணியான கிரீன் பே ஜெயிக்கும் என்று அவர் வாயைத் திறந்தால் போதும், கிரீன் பே மண்ணைக் கவ்விவிடும். அவருடைய ஊரான செயின்ட் ஒடீலில் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாதவர்கள்கூட இதை நம்பினார்கள்.

அந்த ஊர்க்காரர்களுக்கு ஃபுட்பால் என்றால் காலால் உதைப்பது அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டோ எறிந்து பிடித்தோ, ஆளோடு ஆள் மோதி, எதிராளியின் எல்லைக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது, அதற்கு டச் டவுன் என்று பெயர். உதைப்பதெல்லாம் வேறு வழி இல்லாதபோதுதான், இரண்டு கம்பங்களுக்கு நடுவே போனால் மூன்று புள்ளி. இலையுதிர் காலம் முழுவதும் ஆடி, தேறிய அணிகள் ஜனவரியில் பிளேஆஃபுக்கு வரும். அதில் ஒரு தடவை தோற்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான், அடுத்த செப்டம்பர் வரைக்கும் பனியைத் தவிர பேச ஒன்றும் இருக்காது.

நார்பர்ட் பால் வண்டி ஓட்டியவர். விடிவதற்கு முன் புறப்பட்டுப் பண்ணை பண்ணையாகப் போய், தொட்டியில் குளிர்ந்து கிடக்கும் பாலைக் குழாய் மாட்டி வண்டிக்கு இழுத்து, மதியத்துக்குள் பாலாடைக்கட்டி ஆலையில் இறக்கிவிடுவார். பால் ஏறுகிற நேரம்தான் பேச்சு நேரம். வைக்கோல், பனி, புதுப் பாதிரியார், கடைசியில் ஃபுட்பால். “இந்த ஞாயிறு யாரு, நார்ப்?” என்று முதல் பண்ணையில் கேட்பார்கள். அங்கே அவர் சொன்ன ஜோசியம் பாலோடு வண்டியேறி, மதியத்துக்குள் வட்டாரம் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிடும்.

அவர் வாய்க்கு வந்ததைச் சொல்பவர் இல்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கும், உறைந்த தரை யாருக்கு ஒத்துக்கொள்ளும், போன வாரம் முழங்காலில் அடிபட்டவன் இந்த வாரம் எப்படி நடக்கிறான் என்றெல்லாம் வண்டி ஓட்டும்போதே யோசித்து வைத்திருப்பார். சீசன் முழுக்க அவர் சொன்னதில் முக்கால்வாசி பலிக்கும். ஜனவரியில்தான் வம்பு. முதல் தடவை அவர் கிரீன் பே என்று சொல்லித் தோற்றபோது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் தடவை, வாயைக் கழுவிவிட்டு வரச்சொல்லிக் கேலி செய்தார்கள். மூன்றாம் தடவை, கையில் இருந்த ஆட்டத்தைக் கடைசி நிமிடத்தில் கோட்டை விட்டபோது, திங்கட்கிழமை காலையில் ஒரு பண்ணையிலும் அவரோடு பேச ஆள் இல்லை. ஒருத்தர் பால் அறையைத் திறந்து வைத்துவிட்டு வீட்டுக்குள் போய் ஜன்னல் திரையை இழுத்துக்கொண்டார்.

அடுத்த ஜனவரியில் நார்பர்ட்டுக்குக் கடைவாய்ப் பல்வலி. கன்னம் வீங்கியிருந்த நேரத்தில் யாரோ வந்து கேட்க, “எதிராளிதான் ஜெயிப்பான், போ” என்று எரிந்து விழுந்தார். கிரீன் பே ஜெயித்தது. சும்மா இல்லை, அடித்து நொறுக்கி ஜெயித்தது. அதோடு முடிந்தது அவருடைய கதை. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஜனவரியும் ஊர் அவர் வீட்டுக் கதவைத் தட்டியது. எதிரணியின் பெயரை அவர் வாயால் சொல்ல வைத்துவிட்டுத்தான் போனது.

இதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. வாய் மட்டுமில்லை, ஆளே ராசியில்லை என்று ஒரு பேச்சு கிளம்பியது. பாட்ஸியின் மதுக்கடையில் அவர் உட்கார்ந்திருந்தபோது கிரீன் பேக்காரனுக்குப் பந்து கை நழுவியது. அவர் கழிப்பறைக்குப் போனபோது டச் டவுன் விழுந்தது. இப்படி நாலு விஷயத்தை முடிச்சுப் போட்டால் எவனையும் துக்கிரி ஆக்கிவிடலாம். யாரும் அவரை வெறுக்கவில்லை, அதுதான் கொடுமை. அவர் வீட்டு வாசலில் பனி தள்ளிக் கொடுப்பார்கள், வேட்டைக்குப் போனால் மான்கறியில் ஒரு பங்கு கொண்டுவந்து வைப்பார்கள். பிளேஆஃப் ஆரம்பிக்கிற நேரம் வந்தால் மட்டும், அன்பாக, முதுகைத் தட்டி, “சரி நார்ப், நீ கெளம்பு” என்பார்கள்.

அவர் மனைவி ஜெர்மெய்னும் இதை நம்பினாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கிரீன் பே கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைக்க நிற்கும் போதெல்லாம், “நீங்க கீழ போங்க, நார்ப்” என்று அவரை நிலவறைக்கு அனுப்பிவிடுவாள். அவரும் உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவில் போய் நிற்பார். பந்து உள்ளே போனால் மேலே ஜெர்மெய்ன் குதிகாலால் தரையில் ஒரு தட்டுத் தட்டுவாள். போகாவிட்டால் இரண்டு. சில சமயம் சந்தோஷத்தில் கணக்கை மறந்து தடதடவென்று குதிப்பாள், அவருக்கு ஒன்றும் புரியாமல் பாதிப் படி ஏறி வந்து, “என்னாச்சுடி, சொல்லு” என்று கத்துவார். அந்த வாழ்க்கையில் அவருக்கு ஒரு குறையும் இருந்ததாகத் தெரியவில்லை. கீழே அனுப்ப ஒருத்தி இருந்தாள், மேலே கூப்பிடவும் அவளே இருந்தாள்.

ஜெர்மெய்ன் போய்ச் சேர்ந்த பிறகு வந்த ஜனவரியில் நார்பர்ட் தனியாக உட்கார்ந்து ஆட்டம் பார்த்தார். மகள் லூசி அரிசோனாவில் இருந்தாள். ஞாயிறு காலையில் தொலைபேசியில் பேசிவிட்டாள், இனி அடுத்த ஞாயிறுதான். உதைக்கிற நேரம் வந்தது. யாரும் சொல்லாமலே நார்பர்ட் எழுந்து நிலவறைக்கு இறங்கினார். உருளைக்கிழங்கு மூட்டை பக்கத்தில் நின்றார். மேலே தொலைக்காட்சி மட்டும் ஏதோ இரைந்துகொண்டிருந்தது. நின்றார், இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தானே படியேறி வந்து பார்த்தார். பந்து உள்ளே போயிருந்தது. விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவர் அழுதார். ஜெர்மெய்னின் அடக்கத்தின்போதுகூட அப்படி அழவில்லை.

அதனால்தான் இந்த ஜனவரியில் கோர்டி கதவைத் தட்டியபோது அவர் ஒரு முடிவோடு இருந்தார்.

கோர்டி அவரோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர், பின்னால் அவர் பால் எடுத்த பண்ணைகளில் ஒன்றுக்குச் சொந்தக்காரர். மாடுகளை விற்ற பிறகு வேலையில்லாமல் ஊர் வம்பு முழுவதையும் குத்தகைக்கு எடுத்திருந்தார். கோர்டியோடு அவர் மருமகன் ட்ராவிஸும் மதுக்கடை பாட்ஸியும் வந்திருந்தார்கள். பூட்ஸைக் கதவோரம் கழற்றிவிட்டு, காலுறையோடு சமையலறைக்குள் வந்து உட்கார்ந்தார்கள்.

“காபி இருக்கா, நார்ப்?”

“இருக்கு. ஆனா நீ காபிக்கு வரலயே.”

“வரலதான். சட்டுனு சொல்லிடு, நாங்களும் பொழப்பப் பாக்கப் போறோம்” என்றார் கோர்டி. “ஞாயித்துக்கெழம மின்னசோட்டா. நம்ம மைதானத்துல. யாரு ஜெயிப்பா?”

நார்பர்ட் காபிக் கோப்பையைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். அந்த வருஷம் கிரீன் பேயை அசைக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். மின்னசோட்டாவில் பந்தை எறிகிறவன் கூரை போட்ட மைதானத்தில் ஆடிப் பழகியவன், ஏரிக்காற்றில் அவன் பந்து தள்ளாடும். கிரீன் பே முன்வரிசையோ கல்லுச் சுவர். இதையெல்லாம் யாரிடமாவது விலாவாரியாகச் சொல்ல வேண்டும் என்று மூன்று வாரமாக அவருக்கு நாக்கு அரித்தது.

“சொல்றேன்” என்றார். “ஆனா ஒண்ணு. ஞாயித்துக்கெழம நானும் பாட்ஸி கடைக்கு வருவேன். உங்ககூட உக்காந்து பாப்பேன்.”

கோர்டி காபிக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

“பெருசு, வெளையாடாதீங்க” என்றான் ட்ராவிஸ்.

“வெளையாடல.”

“டேய், உன் டிவி கடை டிவியவிடப் பெருசுடா” என்றார் கோர்டி, குழந்தைக்குச் சொல்வதுபோல.

“டிவியும் பெருசுதான், வீடும் பெருசுதான். அதான்டா பிரச்சனையே.”

பாட்ஸி அவரை ஒரு பார்வை பார்த்தாள். “அவர் வரட்டுமே, கோர்டி. கடை என்னோடது” என்றாள்.

“கடை உன்னோடது தாயே, டீம் எல்லாருக்கும் சொந்தமாச்சே! தோத்துட்டா நீ பதில் சொல்வியா? ஊரே உன் கடைப் பக்கம் தலவச்சுப் படுக்காது.”

“அதுக்காக மனுஷன வெளிய நிறுத்துவீங்களா? எனக்கு அசிங்கமா இருக்கு.”

“நான் என்ன, அவன் மேல ஆசையில்லாமயா சொல்றேன்?” என்றார் கோர்டி. அவர் பொய் சொல்லவில்லை. நார்பர்ட்டை அவருக்கு நிஜமாகவே பிடிக்கும். கிரீன் பேயைக் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவுதான்.

வழி கண்டுபிடித்தவன் ட்ராவிஸ். “அவர் மின்னசோட்டா ஆளா வந்து உக்காந்தா? அவங்க ஊதாத் தொப்பி போட்டுக்கிட்டு? அவங்களுக்குக் கைதட்டுனா? அப்போ அவர் ராசி அவங்க தலைலதான விடியும்?”

கோர்டி யோசித்தார். மேசையில் விரலால் தட்டினார். அந்தப் பொருத்தம் அவருக்குப் பிடித்துப்போனது. “ஊதாத் தொப்பி” என்று தலையாட்டினார். “கழட்டவே கூடாது, நார்ப். சம்மதமா?”

செயின்ட் ஒடீலில் ஒருவன் ஊதாத் தொப்பியோடு நடமாடினால் நாய்கூடக் குரைக்கும். எழுபது வருஷமாகப் கிரீன் பேயின் பச்சையும் மஞ்சளும் தவிர வேறு எதையும் தலையில் வைக்காதவர் நார்பர்ட். அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. “சம்மதம்” என்றார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, அவர்கள் கேட்க வந்ததைச் சொன்னார். “மின்னசோட்டாதான் ஜெயிக்கும்.”

மூன்று பேரும் மூச்சு விட்டார்கள். கோர்டி காபியைக் குடிக்காமலே எழுந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசையில் பாதிரியார் என்ன சொன்னார் என்று நார்பர்ட்டைக் கேட்டால் தெரியாது. முகத்தை இரண்டு தடவை மழித்துக்கொண்டார். ஜெர்மெய்ன் வாங்கிக் கொடுத்த கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டார். தொப்பியை ட்ராவிஸ் எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வந்திருந்தான். அதில் வேறு எவனோ ஒருவனின் எண்ணெய் வாசம் அடித்தது. கண்ணாடியில் பார்த்தார். மூஞ்சி சகிக்கவில்லை. ஆனாலும் சிரிப்பு வந்தது, கல்யாண வீட்டுக்குக் கிளம்புகிறவனைப் போலத்தான் இருந்தார்.

மதுக்கடைக்குள் நுழைந்ததும் ஒரே கூச்சல். “எவன்டா இவன், உளவாளி!” “பெருசு, வழி மாறி வந்துட்டீங்களா?” யாரோ ரொட்டித் துண்டை எறிந்தார்கள். நார்பர்ட் தொப்பியைத் தொட்டு வணக்கம் வைத்தார். பாட்ஸி அவருக்குச் சுவரோரமாக ஒரு நாற்காலி ஒதுக்கியிருந்தாள். பின்கட்டில் பெரிய அண்டாவில் காலையிலிருந்து பூயா கொதித்துக்கொண்டிருந்தது. கோழியும் எலும்பும் காய்கறியும் கரைந்து ஒன்றாகிவிட்ட அந்தக் குழம்பை ஆளுக்கொரு கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தார்கள். அவர் கிண்ணத்தில் மட்டும் பாட்ஸி ஒரு தொடைத்துண்டைக் கூடுதலாகப் போட்டாள்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்துக்குள் கிரீன் பே ஒரு டச் டவுன் போட்டது. கடையே எழுந்து நின்றது. நார்பர்ட்டும் எழுந்துவிட்டார், பிறகு ஞாபகம் வந்து உட்கார்ந்து, “ஐயோ, நம்ம மின்னசோட்டா!” என்று தலையில் அடித்துக்கொண்டார். விழுந்து விழுந்து சிரித்தார்கள். கோர்டி வந்து தொப்பியை அவர் காது வரைக்கும் இழுத்துவிட்டார். “நல்லா இறுக்கிப் போடுடா! வேல செய்யுது!” இரண்டாவது டச் டவுன் விழுந்தபோது முன்பின் தெரியாத ஒருத்தி வந்து அவர் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள். பக்கத்து நாற்காலிக்காரனிடம் நார்பர்ட் குனிந்து, எறிகிறவனின் கூரை மைதானத்தைப் பற்றியும் ஏரிக்காற்றைப் பற்றியும் மெதுவாகச் சொன்னார். அவன், “அப்படியா? அட, ஆமா!” என்று கேட்டுக்கொண்டான். மூன்று வாரமாக நாக்கில் உட்கார்ந்திருந்ததெல்லாம் இறங்கிப் போயிற்று. பல மாதங்களுக்குப் பிறகு நார்பர்ட் சந்தோஷமாக இருந்தார்.

இடைவேளைக்குப் பிறகு பனி பிடித்தது. கிரீன் பேக்காரன் கையிலிருந்து பந்து வழுக்கியது. மின்னசோட்டா அதை அள்ளிக்கொண்டு போய் ஒரு டச் டவுன் போட்டது. பரவாயில்லை என்றார்கள். கிரீன் பே எறிந்ததை மின்னசோட்டாக்காரன் பறித்துக்கொண்டான். அதுவும் இன்னொரு டச் டவுன் ஆனது. இப்போது யாரும் பரவாயில்லை என்று சொல்லவில்லை. கிரீன் பே உதைத்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியபோது, முன்வரிசையில் ஒருத்தன் தலையைத் திருப்பிச் சுவரோரம் பார்த்தான். பிறகு இன்னொருத்தன் திரும்பினான். பக்கத்து நாற்காலிக்காரன் கிண்ணத்தைக் கழுவப் போகிறவன்போல எழுந்து போனான், திரும்பி வரவில்லை.

நார்பர்ட் தொப்பியை இன்னும் இறுக்கினார். “மின்னசோட்டா, அப்படித்தான்!” என்று கைதட்டினார். யாரும் சிரிக்கவில்லை. தட்டுகிற சத்தம் அவருக்கே நாராசமாக இருந்தது.

“தொப்பி மட்டும் போட்டாப் போதுமா?” என்று எங்கிருந்தோ ஒரு குரல் கேட்டது. “உள்ள இருக்குற மனசு பச்சையா இருந்தா?”

“டேய், வாய மூடு” என்று அதட்டினார் கோர்டி. அதட்டியவர் தான் உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியாமல் நெளிந்தார். மின்னசோட்டா இரண்டு புள்ளி முன்னால் போனது. கடைசிக் கட்டம். அடுத்த விளம்பரத்தில் கோர்டி எழுந்து நார்பர்ட்டிடம் வந்தார். கண்ணைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார்.

“நார்ப், என் வண்டில கையுறைய விட்டுட்டேன் போலருக்கு. கொஞ்சம் எடுத்துட்டு வர்றியா?”

கோர்டியின் சட்டைப்பையிலேயே கையுறையின் விரல்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. நார்பர்ட் அதைப் பார்த்தார். பார்த்ததை கோர்டியும் பார்த்தார்.

“சரிடா” என்றார் நார்பர்ட். “எடுத்துட்டு வர்றேன்.”

மேல்சட்டையை மாட்டிக்கொண்டு அவர் கடையின் நீளத்தைக் கடந்து நடந்தார். எல்லோரும் திரையையே பார்த்துக்கொண்டு வழிவிட்டார்கள். பாட்ஸி பின்கட்டில் இருந்தாள், அவளுக்குத் தெரியாது.

வெளியே காற்று முகத்தில் அறைந்தது. கோர்டியின் வண்டி வரைக்கும் நடந்துபோய்க் கதவைத் திறந்தார். சொன்ன வேலையைச் செய்துதானே ஆகவேண்டும். இருக்கைக்கு அடியில் கையை விட்டபோதே கடைக்குள்ளிருந்து பெருங்கூச்சல் கிளம்பியது. கிரீன் பே ஆட்கள் பந்தைப் பிடுங்கிவிட்டார்கள்! நார்பர்ட் வண்டிக் கதவை அப்படியே போட்டுவிட்டுக் கடை வாசலுக்கு ஓடி வந்தார். அதற்குள் ட்ராவிஸ் கதவைப் பாதி திறந்து முகத்தை நீட்டினான். முகமெல்லாம் சிரிப்பு.

“வராதீங்க பெருசு! அங்கயே இருங்க! அசையாதீங்க, சாமி!”

கதவு மூடிக்கொண்டது.

கொஞ்ச நேரத்தில் பாட்ஸி ஓடி வந்தாள். “என்ன மனுஷங்க இவங்க! வாங்க உள்ள, நார்ப். நான் பாத்துக்கறேன்.”

நார்பர்ட்டுக்குக் கால் முன்னால் எழுந்தது. பிறகு உள்ளே உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரின் முதுகும் மனசுக்குள் வந்தது. இப்போது அவர் உள்ளே போய், பந்தும் கை நழுவிப் போனால், சாகிற வரைக்கும் அந்தக் கதவு அவருக்குத் திறக்காது. “வேண்டாம் பாட்ஸி, இங்கயே இருக்கேன். காத்து நல்லா இருக்கு” என்றார். பாட்ஸி தன் தோளில் கிடந்த சால்வையை எடுத்து அவர் கழுத்தில் சுற்றிவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு உள்ளே போனாள்.

அவர் மரச்சுவரில் முதுகைச் சாய்த்து நின்றார். சுவருக்கு அந்தப் பக்கம்தான் அவருடைய நாற்காலி. ஜன்னல் வழியாகப் பார்க்கலாம்தான், ஆனால் பார்த்து ஏதாவது ஆகிவிட்டால்? பாதி நம்பினார், பாதி நம்பவில்லை. இத்தனை வருஷம் ஒரு ஊரே சொன்னால் எவனுக்கும் அப்படித்தான் ஆகும். காதை மட்டும் சுவரில் வைத்தார். ஒரு முனகல் கேட்டால் நாலு அடிகூட நகரவில்லை என்று அர்த்தம். நாற்காலி தேய்கிற சத்தம் கேட்டால் எவனோ ஓடிக்கொண்டிருக்கிறான். “போ போ போ” என்று தொடங்கி “ஐயய்யோ” என்று முடிந்தால் விரல்நுனியில் தவறிவிட்டது. பந்து எங்கே இருக்கிறது, இன்னும் எவ்வளவு தூரம் என்று அவருக்கு ஒவ்வொன்றும் தெரிந்தது. பக்கத்தில் சொல்லத்தான் ஆள் இல்லை.

பிறகு உள்ளே எல்லாச் சத்தமும் அடங்கிப்போயிற்று. உதை, அதுவும் கடைசி உதை. உள்ளே போனால் கிரீன் பே, போகாவிட்டால் மின்னசோட்டா.

அந்த நேரத்தில் நார்பர்ட்டின் மனசுக்குள் ஒரு கெட்ட ஆசை எழுந்தது. தோற்கட்டும் என்று தோன்றியது. நான் வெளியே நிற்கும்போதே தோற்கட்டும். அப்போதாவது இவர்களுக்குத் தெரியட்டும், என் வாயும் இல்லை, என் ராசியும் இல்லை, ஒன்றுமே இல்லை என்று. அப்போது கதவைத் திறந்து என்னை உள்ளே கூப்பிடத்தானே வேண்டும். அவருக்கே திக்கென்றது. பிறந்ததிலிருந்து ஒரு நாள்கூட அவர் கிரீன் பே தோற்க வேண்டும் என்று நினைத்ததில்லை. வெட்கம் தாங்காமல் ஊதாத் தொப்பியைப் பிடுங்கிப் பனியில் எறிந்தார்.

“நம்ம ஆளுங்கதான் ஜெயிப்பாங்க” என்றார்.

முணுமுணுக்கவில்லை, வாய்விட்டுச் சொன்னார். நின்றிருந்த வண்டிகளைப் பார்த்து இன்னொரு தடவையும் சொன்னார். “உள்ள போகும். காத்து எடப்பக்கம் இருக்கு, அவன் வலப்பக்கமா குறிவச்சு உதைப்பான். நம்ம ஆளுங்கதான்.” என்ன காரியம் செய்துவிட்டோம் என்று வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

உள்ளே இருந்து ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் கேட்கவில்லை. அப்புறம் சுவர் அதிர்ந்தது.

ஜெயித்துவிட்டார்கள். அவர் சொன்னபடி ஜெயித்துவிட்டார்கள். கடைவாய்ப் பல்வலிக்கு முன்பும் பின்பும் அவர் வாழ்க்கையில் எந்த ஜனவரியிலும் நடக்காத ஒன்று இன்று நடந்துவிட்டது. வாய் முகூர்த்தம் பலித்துவிட்டது! நார்பர்ட் பனியில் நின்றபடியே சின்னப் பிள்ளைபோலக் குதித்தார். யாரிடமாவது சொல்ல வேண்டும். ஜெர்மெய்ன் இருந்திருந்தால் இந்நேரம் அவளைத் தோளைப் பிடித்து உலுக்கியிருப்பார்.

கதவு திறந்தது. கடையே வெளியே கொட்டியது. மேல்சட்டைகூட இல்லாமல் ஓடி வந்தார்கள். ட்ராவிஸ் அவரைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். யார் யாரோ அவர் முதுகிலும் தலையிலும் தட்டினார்கள். எல்லோருக்கும் முன்னால் கோர்டி, கண்ணில் நீர் வழிய, அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“நீதான்டா ஜெயிக்க வச்ச! நீ வெளிய போன நிமிஷம் பந்து கைக்கு வந்துச்சுடா!”

“கோர்டி, கேளு” என்றார் நார்பர்ட். மூச்சு வாங்கியது. “கடைசி உதைக்கு முன்னாடி நான் இங்க நின்னு...”

“சொல்லாத! ஒண்ணும் சொல்லாத!” கோர்டி அவர் வாயருகே கையைக் கொண்டுபோனார். “மொதல்ல இதச் சொல்லு. அடுத்த வாரம் பிலடெல்பியா. யாருடா ஜெயிப்பா?”

பனி விழுந்துகொண்டிருந்தது. அத்தனை முகமும் அவரையே பார்த்தது, குளிரில் சிவந்து, ஆசையோடு, ஒருத்தரும் கண்ணை எடுக்காமல். பாட்ஸியும் கதவோரம் நின்று பார்த்தாள். நார்பர்ட்டுக்குத் தொண்டைவரை வந்து நின்றது. நான் சொன்னேன், பலித்தது, நான் ஒன்றும் துக்கிரி இல்லை. நம்புவார்களா? நம்ப மாட்டார்கள். நம்பினால் இன்னும் மோசம். நம்பிவிட்டால், அடுத்த ஜனவரியில் அவர் வீட்டுக் கதவைத் தட்ட யாருக்கு என்ன வேலை?

“பிலடெல்பியாதான்” என்றார்.

ஆரவாரம் ஏரி வரைக்கும் கேட்டிருக்கும். கோர்டி அவரை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். “அடுத்த வாரம் இப்படி நிக்க வேணாம்டா, நார்ப். நானே உனக்கு இங்க ஒரு நாற்காலி போட்டுடறேன். கணப்பு அடுப்பும் வைக்கிறேன். எங்க போடட்டும்? அந்த மரத்துக்குக் கீழயா? காத்து படாது.”

நார்பர்ட் மரத்தைப் பார்த்தார்.

“வேணாம்டா” என்றார். “சுவர ஒட்டிப் போடு. அங்கதான் நல்லாக் கேக்கும்.”